போடி மலைக்கு ஏற்றதா, புது இன்னோவா?

டீசல் போச்சு! கியரும் போச்சு! பாட்டிக்கு மட்டும் சௌகரியம்!

தேனி மாவட்டம், போடிநாயக்கனூரில் இருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது ராசிங்காபுரம். ஊரில் நின்று மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம்.

இந்தப் பக்கத்து மக்களுக்கு மலை என்பது சுற்றுலா போகும் இடம் அல்ல. பூப்பாறையில் அத்தை இருப்பாள். சாந்தம்பாறையில் இரண்டு ஏக்கர் இருக்கும். ராஜாக்காட்டில் பெண் கொடுத்திருப்பார்கள். மேலே விளைந்த ஏலக்காய் கீழே போடிக்கு வருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் போடியில்தான் இருக்கிறது. காய் இறங்குகிறது, ஆள் ஏறுகிறார்கள். கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்றால் குடும்பமே ஏறி இறங்குகிறது.

ஆகவே, இந்த ஊர்களில் புது வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றால், முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். "மலை ஏறுமா?"

அனுபவப்பட்ட டிரைவர் வேறு கேள்வி கேட்பார். "மலை இறங்குமா?"

இன்னோவா என்ற குடும்ப வண்டியை, அதன் கம்பெனி தலைகீழாக மாற்றி அமைத்திருக்கிறது. மாற்றியது நல்லதற்கா என்பதை இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மானின் பேரன்

இன்னோவாவின் பூர்வீகம் இந்தோனேசியா. டொயோட்டா கம்பெனி 1977-ம் ஆண்டில் அங்கே "கிஜாங்" என்று ஒரு வண்டியை விற்கத் தொடங்கியது. கிஜாங் என்றால் அந்த நாட்டு மொழியில் ஒரு வகை மான். முதலில் அது சாமான் ஏற்றும் வண்டி. பிறகு குடும்பம் ஏறும் வண்டி ஆயிற்று.

அந்த மானின் பிள்ளைதான் 2000-ம் ஆண்டில் நம் நாட்டுக்கு வந்த குவாலிஸ். பார்க்க ரொட்டிப் பெட்டி மாதிரி இருக்கும். ஆனால் உழைத்தது! 2005-ல் குவாலிசை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். 2016-ல் அது பெருத்து, "இன்னோவா கிரிஸ்டா" என்று பெயர் வைத்துக்கொண்டது. 2022 நவம்பரில் வந்தது "இன்னோவா ஹைக்ராஸ்". இதைத்தான் மக்கள் "புது இன்னோவா" என்கிறார்கள்.

குவாலிஸ் முதல் கிரிஸ்டா வரை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. அடியில் ஏணி போன்ற ஒரு கனத்த இரும்புச் சட்டம். அதன்மேல் கூடு. முன்னால் எஞ்சின். அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு வண்டியின் அடியில் ஓடி, பின் சக்கரங்களைச் சுழற்றும். அதாவது, வண்டியைப் பின்னால் இருந்து தள்ளும்.

ஹைக்ராசில் ஏணி இல்லை. கூடும் சட்டமும் ஒன்றாகிவிட்டது. முட்டைக்கு ஓடே பலம் என்பது போல, இந்த வண்டிக்குக் கூடே பலம். நீண்ட தண்டும் இல்லை. முன் சக்கரமே வண்டியை இழுக்கிறது. டீசல் எஞ்சினே கிடையாது. காலால் கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடும் வேலையும் கிடையாது.

பெயர்தான் இன்னோவா. மற்றபடி வேறு வண்டி!

உலகத்தில் இது புதுமை அல்ல. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி, 1984-ம் ஆண்டு மாடலாக விற்ற குடும்ப வேனிலேயே சட்டமும் கூடும் ஒன்றுதான். முன் சக்கர இழுப்புதான். சாமான் வண்டியில் ஆசனம் போட்டால் அது குடும்ப வண்டி ஆகாது என்று அவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள். நம் நாட்டில் மேடு பள்ளத்துக்கும் பாரத்துக்கும் பயந்து ஏணிச் சட்டத்தை விடாமல் வைத்திருந்தார்கள். பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அப்பத்தா ஏறுகிறாள்

ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பத்தா, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, இரண்டு பிள்ளைகள். ஏழு பேர். வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது.

பழைய இன்னோவாவில் அப்பத்தா ஏறுவது ஒரு வைபவம். ஒருவர் கையைப் பிடிக்க வேண்டும். ஒருவர் முதுகைத் தாங்க வேண்டும். ஏணிச் சட்டத்தின்மேல் தளம் உட்கார்ந்திருப்பதால் உயரம் அதிகம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய படி.

புது வண்டியில் சட்டம் போய்விட்டதால் தளம் தாழ்ந்துவிட்டது. அப்பத்தா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு தானே ஏறிவிடுவாள். விளம்பரத்தில் இதைப் பெரிதாகச் சொல்லவில்லை. கண்ணாடிக் கூரையைத்தான் காட்டினார்கள். பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இந்தப் படிதான் பெரிது.

கண்ணாடிக் கூரை விலை கூடிய வண்டியில் மட்டும் வரும். வானம் தெரியும், வாஸ்தவம். கண்ணாடியின்மேல் மூட்டை கட்ட முடியாது என்பதும் வாஸ்தவம்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம் கிரிஸ்டாவில் 2,750 மில்லிமீட்டர். ஹைக்ராசில் 2,850. நாலு அங்குலம் கூடியிருக்கிறது. அந்த நாலு அங்குலமும், தண்டு போனதால் சமமான தளமும் சேர்ந்து, மூன்றாவது வரிசையில் கால் வைக்க இடம் கொடுக்கின்றன.

மூன்றாவது வரிசை என்றால் லேசாக நினைக்கக் கூடாது. குடும்பத்தில் யாருக்கு வாய் இல்லையோ அவர்களுக்குக் கிடைக்கிற ஆசனம் அது. பிள்ளைகள், புதிதாக வந்த மருமகள், கல்யாணம் ஆகாத சித்தப்பா. கொண்டை ஊசி வளைவில் வண்டியின் வால்தான் அதிகம் வீசும். வாந்தியும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். போடிமெட்டு ஏறும்போது எலுமிச்சம்பழம் எத்தனை தேவை என்பது அந்த வரிசையைப் பொறுத்தது.

புது வண்டி இந்த விஷயத்தில் மேல். ஏணிச் சட்ட வண்டி வளைவில் சாயும். பள்ளத்தில் குலுங்கியபின் இன்னொரு முறை ஆடும். ஹைக்ராஸ் தாழ்ந்த, எடை குறைந்த வண்டி. சாய்வு குறைவு. டீசலின் தடதடப்பும் இல்லை.

ஆனால் மூன்று வரிசையும் நிரம்பிவிட்டால், பின்னால் சாமானுக்கு மிஞ்சுவது 300 லிட்டர் இடம். ஏழு பேரின் துணிப் பை அடங்கும். சீர்வரிசை அடங்காது.

ஏற்றம்

போடி ஊரில் இருந்து சமவெளியில் ஓடி, முந்தல் வந்ததும் மலை தொடங்குகிறது. இது கொச்சியையும் தனுஷ்கோடிச் சாலையையும் இணைத்த பழைய 49-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. இப்போதைய எண் 85. அடிவாரத்துக்கும் போடிமெட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,000 மீட்டர். நடுவில் பதினைந்துக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள்.

தார்ச் சாலையில் புது வண்டிக்கு இந்த ஏற்றம் ஒரு பொருட்டு அல்ல. ஹைக்ராசில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று வெறும் பெட்ரோல். மற்றது "ஹைப்ரிட்". ஹைப்ரிட் என்றால் இரட்டை மாட்டு வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மாடு பெட்ரோல் எஞ்சின். இன்னொரு மாடு மின்சார மோட்டார். மெதுவாகப் போகும்போது மோட்டார் மட்டும் இழுக்கும். மேடு வந்தால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 186 குதிரை சக்தி. கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் டீசலுக்கு 150 தான்.

இதற்கு வீட்டில் பிளக் மாட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டியது இல்லை. வண்டி ஓடும்போதே, பிரேக் பிடிக்கும்போதே பேட்டரி ஏறிக்கொள்ளும்.

டீசல்காரர்கள் இதற்கு மசிய மாட்டார்கள். மெதுவாக ஓடும்போதே டீசல் எஞ்சின் பலமாக இழுக்கும் என்பார்கள். அது உண்மை. ஆனால் மின்சார மோட்டார், சக்கரம் உருளத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே முழுப் பலத்தையும் கொடுக்கும். ஆகவே, வளைவில் லாரிக்காக நின்று மறுபடி கிளம்பும் இடத்தில், ஹைப்ரிட்டுக்கு மூச்சு வாங்காது. வெறும் பெட்ரோல் ரகத்துக்குத்தான் அங்கே எஞ்சின் சத்தம் கூடும்.

தார் முடிந்து, மண் பாதை தொடங்கும்போது கதை மாறுகிறது.

மேட்டில் ஏறும் வண்டியின் பாரம் பின்பக்கம் சாயும். தலைச்சுமையோடு படி ஏறுகிறவரின் பாரம் குதிகாலுக்குப் போவது போல. பின் சக்கரம் தள்ளும் வண்டிக்கு இது லாபம். பாரம் ஏற ஏறப் பிடிமானம் கூடும். முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு நஷ்டம். எந்தச் சக்கரம் இழுக்க வேண்டுமோ, அது லேசாகிவிடுகிறது. மழை பெய்து, சரளைக் கல் நனைந்து, பின்னால் நாலு பேரும் இரண்டு மூட்டையும் இருந்தால், முன் டயர் இருந்த இடத்திலேயே சுற்றும்.

தோட்டத்துக்குள் வீடு உள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது. கிரிஸ்டா அந்தப் பாதையில் கூடுதலாகக் கொஞ்ச தூரம் போகும். அதற்கு மேல் எந்த இன்னோவாவும் போகாது. அங்கே நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்தான் ராஜா. விடியற்காலையில் போடியில் இருந்தும் தேவாரத்தில் இருந்தும் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகளுக்கு, எந்தப் புது மாடலும் போட்டி இல்லை.

இறக்கம்

இப்போது டிரைவரின் கேள்விக்கு வரலாம்.

மலைப் பாதையில் ஓட்டியவர்கள் எல்லாருக்கும் ஒரு பாடம் தெரியும். எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரில் இறங்கு! காரணம் என்ன? கியரைக் குறைத்து வைத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை அடிக்கடி மிதிக்க வேண்டாம். ஓயாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் கட்டை சூடேறும். தீய்ந்த வாடை வரும். அதன் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

புது இன்னோவாவில் கியர் போடும் வேலையே இல்லையே! அப்படியானால் எப்படி இறங்குவது?

இங்கேதான் மின்சார மோட்டாரின் இன்னொரு வேலை இருக்கிறது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தவுடன், சக்கரத்தைச் சுழற்றிய மோட்டாரை இப்போது சக்கரம் சுழற்றுகிறது. மோட்டார் டைனமோ ஆகிவிடுகிறது. சைக்கிளில் டைனமோவைச் சாய்த்தவுடன் மிதி கனத்துப்போகும் அல்லவா? அதே கதை. வண்டி மெதுவாகும். பேட்டரி ஏறும். பிரேக் கட்டை தேயாது.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் போடி மலை நீளமானது. பேட்டரி சிறியது.

கணக்குப் போட்டால் தெரியும். ஏழு பேரோடு வண்டியின் எடை இரண்டு டன்னுக்கு மேல். அது 1,000 மீட்டர் உயரத்தில் இருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதியாவது பேட்டரியில் அடங்குமா என்றால், அடங்காது. இந்த மாதிரி ஹைப்ரிட் பேட்டரி ஒன்றிரண்டு யூனிட்டுக்கு மேல் கொள்ளாது. பாதி மலை இறங்குவதற்குள் நிரம்பிவிடும்.

நிரம்பியபின் என்ன ஆகும்? டொயோட்டா ஹைப்ரிட் முறையில், பெட்ரோல் இல்லாமலே எஞ்சினைச் சுழலவிட்டு, மிச்ச சக்தியை அதில் செலவழிப்பார்கள். திடீரென்று எஞ்சின் உறுமும். காலோ ஆக்சிலேட்டரில் இல்லை! "ஏப்பா, வண்டி தானா ஓடுதா?" என்று பின்னால் இருந்து அப்பத்தா கேட்பாள். பயப்பட ஒன்றும் இல்லை. வண்டி ஓடவில்லை, தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது கியரில் பழைய டீசல் வண்டி உறுமிக்கொண்டு இறங்கியதும் இதே வேலைதான்.

ஆகவே, புது இன்னோவா மலை இறங்கும். ஆனால் டிரைவர் அந்த வண்டியிடம் பழகியிருக்க வேண்டும். இருபது வருஷம் கியர் வண்டி ஓட்டியவருக்கு இடது கை சும்மா இருக்காது. இடது கால் கிளட்சைத் தேடும். இல்லாத கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடுவதும் உண்டு. வாடகை டிரைவர் கையில் சாவியைக் கொடுத்து, அன்றைக்கே மூணாறுக்குப் புறப்படுவது புத்திசாலித்தனம் அல்ல. ஒரு வாரம் சமவெளியில் ஓட்டட்டும்.

இன்னொரு விஷயம். வண்டியில் ஆசனம் ஏழு அல்லது எட்டு. "பிள்ளைகள்தானே, மடியில் வைத்துக்கொள்ளலாம்" என்று பதினொரு பேர் ஏறுவது இந்தப் பக்கம் சகஜம். நாலு பேர் கூடினால் 250 கிலோ கூடும். அந்த 250 கிலோவையும் அதே பிரேக்குகள்தான் பிடிக்க வேண்டும்! 2025-ல் நடந்த பாரத் என்காப் மோதல் சோதனையில் இந்த வண்டி 5 நட்சத்திரம் வாங்கியது. நல்ல விஷயம். ஆனால் அந்த நட்சத்திரம் பெல்ட் போட்டு ஆசனத்தில் உட்கார்ந்தவருக்கு. மடியில் உட்கார்ந்த குழந்தைக்கு அது பொருந்தாது.

பணக் கணக்கு

வண்டி வந்தபோது, 2022 டிசம்பரில் அறிவித்த விலை, ரூ.18 லட்சத்து 30 ஆயிரத்தில் தொடங்கியது. அது வெறும் பெட்ரோல் ரகம். ஹைப்ரிட் ரூ.24 லட்சத்து 1 ஆயிரத்தில் தொடங்கியது. பிறகு விலை பல முறை மாறிவிட்டது. ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டும். ரூ.5 லட்சத்து 71 ஆயிரம்!

சோதனைச்சாலைக் கணக்குப்படி, ஹைப்ரிட் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர் ஓடும். பெட்ரோல் ரகம் 16.13 கிலோமீட்டர். மலையில் இரண்டுமே குறையும்.

ஒரு குடும்பம் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், ஹைப்ரிட்டுக்கு 43 லிட்டர். பெட்ரோல் வண்டிக்கு 62 லிட்டர். மிச்சம் 19 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் மாதம் ரூ.1,900. கூடுதலாகக் கொடுத்த பணத்தை இப்படி மீட்க 25 வருஷம் ஆகும். அதற்குள் பின் சீட்டில் உட்கார்ந்த பிள்ளைக்குப் பிள்ளை பிறந்துவிடும்!

மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டிக்கு அதே பணம் 5 வருஷத்தில் திரும்பும். ஆக, பெட்ரோல் மிச்சம் என்று சொல்லி ஹைப்ரிட் வாங்குவது டாக்சிக்காரருக்குச் சரி. குடும்பத்துக்குச் சரி அல்ல. இறக்கத்தில் மோட்டார் பிடிக்கும், ஏற்றத்தில் பலம் கொடுக்கும் என்று வாங்கினால் அது வேறு நியாயம். விலை கூடிய அந்த ரகத்தில் ஆசனமும் மற்ற சௌகரியங்களும் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஹைப்ரிட் பேட்டரிக்குக் கம்பெனி 8 வருஷம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர் உத்தரவாதம் கொடுக்கிறது. அது ஆறுதல். ஆனால் பழைய டீசலை ரோட்டோர மெக்கானிக் அவிழ்த்து மாட்டியது போல இதை அவிழ்க்க முடியாது. உயர் மின்சாரம் ஓடும் வண்டி. பயிற்சி பெற்றவர் கையில்தான் விட வேண்டும்.

டீசலை விட மனம் இல்லாதவர்கள் நாட்டில் நிறையப் பேர். கம்பெனிக்கும் அது தெரிந்தது. 2022-ல் டீசல் கிரிஸ்டாவுக்குப் பதிவு வாங்குவதை நிறுத்தியவர்கள், 2023-ல் மறுபடி தொடங்கினார்கள். அதுவும் கையால் கியர் போடும் வண்டியாகவே! புது வண்டி வந்த பிறகும் பழைய வண்டியை விற்க வேண்டியிருந்தது என்றால், இரண்டும் ஒரே வேலைக்கு அல்ல என்றுதானே அர்த்தம்?

யாருக்கு எது?

ராசிங்காபுரத்தில் வீடு, மாதம் ஒரு முறை அப்பத்தாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், பண்டிகைக்குப் பூப்பாறை வரை தார்ச் சாலையில் போய் வர வேண்டும். இப்படி இருப்பவர்களுக்குப் புது இன்னோவாவே மேல். ஏறலாம், இறங்கலாம், முதுகு வலிக்காது.

தோட்டத்துக் கேட்டைத் தாண்டி மண் பாதையில் உரமும் காயும் ஆளும் ஏற்ற வேண்டும் என்பவர்களுக்கு அது ஆகாது. ஏணிச் சட்டமும் பின் சக்கரத் தள்ளுதலும் உள்ள வண்டியே வேண்டும். பழையதாகக் கிடைத்தாலும் பாதகம் இல்லை.

இரண்டும் இல்லாமல், வருஷத்துக்கு நாலு கல்யாணம்தான் என்றால் இருபது லட்சத்தை வாசலில் நிறுத்தி வைப்பானேன்? 2010 இறுதியில் நின்றுபோன போடி ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூனில் திரும்பி வந்துவிட்டது. மதுரைக்கு அதில் போகலாம். மலைக்குப் பஸ் இருக்கிறது. கல்யாணத்துக்கு வாடகை வேன் இருக்கிறது.

வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் ஒன்று செய்ய வேண்டும். விற்பனைக் கூடத்தார் வெறும் வண்டியில் ஒருவரை ஏற்றி, தேனி நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விடுவார்கள். அதில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். அது போதாது என்று சொல்ல வேண்டும். ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு முந்தல் தாண்டிப் பத்து வளைவாவது ஏறி இறங்கக் கேட்க வேண்டும். இறங்கும்போது பிரேக் வாடை வருகிறதா என்று ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பியதும், வண்டி எப்படி என்று ஓட்டியவரைக் கேட்பதற்கு முன், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வந்தவரைக் கேட்க வேண்டும்.